மொழி தெரிந்தவரை மொழி ஆசிரியராக்குவது

இந்த அத்தியாயம் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மொழிப் பாடங்களை ஒருங்கிணைப்பவருக்கு உரியது. நிரந்தர விரிவுரையாளர்கள் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். மாணவர்களோ ஆறேழு குழுக்களுக்குப் பதிந்திருப்பார்கள். அப்போது உங்கள் கண் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்கள் பக்கம் போகும். ஜொகூரில் அவர்களுக்குக் குறைவில்லை. ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2010இல் ஆய்வுப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. இந்தோனேசியா, நைஜீரியா, பாகிஸ்தான், ஏமன், சீனா என்று பல நாட்டு ஆய்வு மாணவர்கள் அங்கே இருக்கிறார்கள். பத்து பகாட்டை அடுத்த பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம் இருக்கிறது. அரபு மொழிக்கு ஏமன்காரர், மாண்டரினுக்குச் சீனாவிலிருந்து வந்தவர், தமிழுக்குக் கூலாயிலோ குளுவாங்கிலோ பிறந்து வளர்ந்தவர் என்று ஆள் கிடைத்துவிடும்.

ஆள் கிடைத்ததும் வேலை முடிந்ததாக நினைப்பதுதான் ஆபத்து. ஒரு மொழி தாய்மொழியாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவரை வகுப்புக்குள் அனுப்புவது மாணவர்களுக்கும் அநீதி, அவருக்கும் அநீதி. நீர் வழங்கல் பற்றி ஆய்வு செய்பவருக்குத் தம் மொழியின் வினைச்சொற்களை எந்த வரிசையில் சொல்லிக்கொடுப்பது என்று தெரிந்திருக்க நியாயமில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975இல் ஆசிரியத் தொழில் பற்றி எழுதிய நூலில் இதன் வேரைக் காட்டினார். ஆசிரியராக வருபவர் எவரும் அதற்கு முன்பே பல ஆயிரம் மணி நேரம் மாணவராக அமர்ந்து ஆசிரியர்களைப் பார்த்தவர். வேறு எதுவும் கற்றுக்கொடுக்கப்படாவிட்டால் தாம் பார்த்ததையே அவர் திரும்பச் செய்வார். ஆய்வு மாணவர்களான நம் உதவிப் பயிற்றுநர்களில் பலர் பார்த்தது கரும்பலகை நிறைய இலக்கண அட்டவணையையும், எழுந்து நின்று ஒப்பிக்கும் மாணவரையும்தான்.

ஆகவே பயிற்சிக்கு ஒரே ஒரு குறிக்கோளை வைத்துக்கொள்ளுங்கள். "நான் இன்று என்ன சொல்லப்போகிறேன்" என்று யோசித்து வருபவரை, "மாணவர் இன்று அந்த மொழியில் என்ன செய்யப்போகிறார்" என்று யோசிக்க வைப்பது. கீழே சொல்லப்படுபவை எல்லாம் அதற்கான வழிகள்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தொடக்கநிலை மொழி வகுப்புகளில் கணிசமானவற்றை ஆய்வு மாணவர்களே எடுக்கிறார்கள். பருவம் தொடங்குமுன் சில நாள் பயிலரங்கு, முதல் பருவத்தில் முறையியல் பாடம் ஒன்று என்பது அங்கே நெடுநாள் வழக்கம். அந்த முதல் பருவத்தோடு எல்லாம் முடிந்துவிடுகிறது என்ற குறையும் அங்கே நெடுநாளாகப் பேசப்படுகிறது. அந்த அமைப்பை அப்படியே இங்கே கொண்டுவருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முன்கூட்டியே மூன்று நாள், பிறகு பருவம் முடியும்வரை வாரம் ஒரு மணி நேரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வகுப்பில் திங்கட்கிழமை பட்ட அடிக்கு வெள்ளிக்கிழமை மருந்து கிடைக்க வேண்டும்.

முதலில் மணிக்கணக்கு

விருப்பப் பாடமாக எடுக்கும் ஒரு மொழிக்குப் பெரும்பாலும் 14 வாரம் கிடைக்கும். வாரம் 3 மணி நேரம் என்றால் மொத்தம் 42. பெருநாள் விடுமுறைகளும் தேர்வும் போனால் இன்னும் குறையும். மொழித்திறனுக்கான ஐரோப்பியப் பொதுச் சட்டகத்தின் மிகக் கீழ்ப்படியான ஏ1 நிலைக்கே பிரெஞ்சு போன்ற மொழிகளில் 60 முதல் 100 மணி நேரம் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. எழுத்துமுறையே புதிதாக இருக்கும் மாண்டரின், ஜப்பானியம், அரபு, தமிழ் ஆகியவற்றுக்கு அதற்கும் மேலே.

இந்தக் கணக்கை முதல் நாள் காலையிலேயே உதவிப் பயிற்றுநர்கள் முன் எழுதிக்காட்டுங்கள். பாடநூலின் பன்னிரண்டு பாடத்தையும் முடித்தாக வேண்டும் என்ற பதற்றத்தோடுதான் அவர்கள் வருவார்கள். முடிக்க முடியாது. பாசிர் கூடாங் தொழிற்சாலையில் பயிற்சிக்குப் போகும் பொறியியல் மாணவர் ஜப்பானிய மேலதிகாரியிடம் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும், நேரம் கேட்க வேண்டும், புரியவில்லை என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும். இப்படி எட்டுப் பத்துச் செயல்களைத் தேர்ந்தெடுத்து 42 மணி நேரத்தையும் அவற்றுக்கே கொடுக்கச் சொல்லுங்கள். விடப்போகும் பாடங்களை உதவிப் பயிற்றுநர் தம் கையாலேயே அடிக்க வேண்டும். நீங்கள் அடித்துக் கொடுத்தால் மனம் ஒப்பாமல், ஏழாவது வாரம் அவற்றைத் திருட்டுத்தனமாக நடத்தத் தொடங்கிவிடுவார்.

அவர்களையே மாணவர்களாக உட்கார வைப்பது

வெளியிலிருந்து வந்த பெரியவர்களுக்கு மொழி கற்பிப்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல. 1796இல் மலாக்காவில் பிறந்த அப்துல்லா பின் அப்துல் காதிர், அரபு முன்னோரும் நாகூர்த் தமிழ் முன்னோரும் கொண்டவர். சிறுவயதிலேயே மலாக்காக் கோட்டையில் இருந்த இந்தியப் படைவீரர்களுக்கு மலாய் சொல்லிக்கொடுத்து 'முன்ஷி' (ஆசிரியர்) என்ற பெயரைப் பெற்றார். பிறகு பாதிரியார்களும் வணிகர்களும் அதிகாரிகளும் அவரிடம் படித்தார்கள். 1849இல் அச்சான அவருடைய 'ஹிக்காயாட் அப்துல்லா' இந்த அனுபவங்களால் நிறைந்தது. ஆங்கில வாக்கிய அமைப்பை மலாயின் மேல் திணித்த பாதிரியார் தாம்சனோடு அவருக்கு ஏற்பட்ட பிணக்கைப் படித்தால், இன்றைய வகுப்பறையை அவர் பார்த்துவிட்டு எழுதியது போலிருக்கும். அவருடைய மகன் இப்ராகிம் முன்ஷி ஜொகூர் அரசுப் பணியில் உயர்ந்தார். ஜொகூர் பாருவில் 1888லேயே மொழியைக் கற்கவும் கற்பிக்கவும் 'பக்காத்தான் பெலாஜார் மெங்காஜார் பெங்கெத்தாஹுவான் பஹாசா' என்ற சங்கம் தொடங்கப்பட்டது.

அப்துல்லாவிடமிருந்து பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அவர் கற்பித்தவர் மட்டுமல்லர், ஓயாமல் கற்றவர். மலாக்காவில் கணக்குவழக்கும் வணிகமும் தமிழில் நடந்ததால் வசதியான வீட்டுப் பிள்ளைகளைத் தமிழ் படிக்க அனுப்புவார்கள், அவரும் போனார். அரபு கற்றார், ஆங்கிலம் கற்றார். தெரியாத மொழியின் முன் விழித்து நிற்பது என்னவென்று உடம்பிலேயே அறிந்த ஆசிரியர்.

நம் உதவிப் பயிற்றுநர்களுக்கு அந்த நினைவு மங்கியிருக்கும். எனவே முதல் நாள் அரை மணி நேரம், அறையில் இருப்பவர்களில் யாருக்குமே தெரியாத ஒரு மொழியில், அந்த மொழியிலேயே பாடம் நடத்துங்கள். ஏமன்காரரும் சீனாக்காரரும் நைஜீரியரும் இருக்கும் அறையில் தமிழ் அதற்குப் பொருத்தமானது. தமிழ் மாணவர் யாராவது குழுவில் இருந்தால் அவரையே முன்னால் நிறுத்துங்கள். மேசைமேல் பேனா, சாவி, தண்ணீர்ப் புட்டி. "இது பேனா." "இது சாவி." "இது பேனாவா? ஆமாம், பேனா." "இது பேனாவா? இல்லை, சாவி." பிறகு "சாவி குடுங்க", "தண்ணி குடுங்க", "நன்றி". ஆங்கிலம் ஒரு சொல்கூட வேண்டாம். நடுவில் ஒரு மூன்று நிமிடம் மட்டும் வேண்டுமென்றே நான்காம் வேற்றுமையை வேகமாக விளக்கிவிட்டு மீண்டும் பேனாவுக்கு வாருங்கள்.

முடிந்தபின் பேசவிடுங்கள். எந்த இடத்தில் தொலைந்துபோனீர்கள்? எந்த இடத்தில் பிடி கிடைத்தது? இரண்டாவது எடுத்துக்காட்டிலா, ஐந்தாவதிலா? உங்கள் முறை வரும்போது நெஞ்சு எப்படி இருந்தது? வேற்றுமை விளக்கத்திலிருந்து ஒரு சொல்லாவது நினைவில் இருக்கிறதா? இந்தப் பேச்சுக்கு முக்கால் மணி நேரம் கொடுக்கலாம். முறையியல் பற்றிய எந்தச் சொற்பொழிவும் இந்த அளவுக்கு மனத்தை மாற்றாது என்பது என் உறுதியான கருத்து.

மாணவர் கொண்டுவரும் மொழிகள்

வெளிநாடுகளில் எழுதப்பட்ட பயிற்சிக் கையேடுகள், மாணவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு மொழி என்று வைத்துக்கொண்டு தொடங்கும். ஜொகூரில் அந்தக் கணக்கு செல்லாது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் இருபத்தைந்து பேரில் இரண்டு மொழிக்குக் குறைவாகத் தெரிந்தவர் அநேகமாக இருக்க மாட்டார். வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், கைப்பேசியில் ஆங்கிலம் என்று ஒருவர். பாட்டியிடம் தியோச்சூ, அம்மாவிடம் மாண்டரின், கடையில் மலாய் என்று இன்னொருவர். சீன ஆரம்பப் பள்ளியில் படித்த மலாய் மாணவர்களும் தமிழ் மாணவர்களும் உண்டு.

முதல் வகுப்பிலேயே ஒரு தாளைக் கொடுத்து, யாரோடு எந்த மொழி பேசுகிறீர்கள், எதில் எழுத வரும், எதில் கேட்டால் மட்டும் புரியும் என்று எழுதச் சொல்லுங்கள். இது உபசாரத்துக்காக அல்ல. மாண்டரின் முதல்நிலை வகுப்பில், எழுத்து தெரியாமல் சரளமாகப் பேசும் ஒருவரும், ஒரு சொல்லும் தெரியாத ஒருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இரண்டாவது வாரமே வகுப்பு பிளந்துவிடும். உதவிப் பயிற்றுநருக்கு அது முன்கூட்டியே தெரிய வேண்டும்.

அதைவிட முக்கியம், மாணவரின் மொழிகளில் பாதிப் பாடம் ஏற்கெனவே இருக்கிறது என்பது. ஜப்பானிய மொழியில் "கினோ ஜேபி தெ கத்தா ஹொன்" என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள் (ஜேபி என்பது ஜொகூர் பாரு). ஆங்கிலவழி எழுதப்பட்ட பாடநூல் இதற்கு ஒரு பக்கம் விளக்கம் தரும். தமிழ் மாணவருக்கு அது "நேற்று ஜேபியில் வாங்கிய புத்தகம்". சொல்லுக்குச் சொல் அதே வரிசை. 'இல்' இருக்கும் இடத்தில் 'தெ', அவ்வளவுதான். மலாயில் "புக்கு யங் சாயா பெலி டி ஜேபி செமாலாம்" என்று புத்தகம் முன்னால் வந்துவிடும். அதே தமிழ் மாணவர் ஜப்பானியத்தை ஆங்கிலம் வழியாகவே யோசித்துத் தவிப்பதை வகுப்புகளில் பார்க்கலாம். "உங்கள் வீட்டு மொழியில் சொல்லிப் பாருங்கள்" என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மலாய் மாணவருக்கு வேறொரு சொத்து. பூனைக்கு 'ஏக்கோர்', முட்டைக்கு 'பீஜி', பென்சிலுக்கு 'பாத்தாங்' என்று எண்ணிப் பழகியவர், மாண்டரினிலும் ஜப்பானியத்திலும் பொருளுக்கேற்ப எண்ணுச்சொல் மாறுவதைக் கண்டு திகைக்க வேண்டியதில்லை. நீளமான பொருளுக்கு ஜப்பானியர் சேர்க்கும் 'ஹொன்' ஏறக்குறைய 'பாத்தாங்' செய்யும் வேலையைச் செய்கிறது. ஜெர்மன் கற்கும் தமிழ் மாணவரிடம் "மிர் கெஃபெல்ட் தாஸ்" என்பதை "எனக்குப் பிடிக்கிறது அது" என்று வைத்துப் பார்க்கச் சொன்னால், ஏன் அங்கே 'நான்' வரவில்லை என்ற கேள்வியே எழாது. மாண்டரினில் எட்டு என்பதற்கான 'பா' தமிழர் 'பாட்டு' என்று சொல்லும்போது வரும் ஒலிதான். ரோமன் எழுத்தைப் பார்த்து அதை 'பாத்ரூம்' ஒலியில் படித்துவிடுகிறார்கள்.

உதவிப் பயிற்றுநருக்குத் தமிழோ மலாயோ தெரியாதே என்று கேட்கலாம். தெரிய வேண்டியதில்லை. "இதை உங்கள் மொழியில் எப்படிச் சொல்வீர்கள்? சொல் வரிசை என்ன?" என்று கேட்டு, ஒரே மொழிக்காரர்கள் இரண்டு நிமிடம் தங்களுக்குள் பேசிக்கொள்ள விட்டால் போதும். இந்த இரண்டு நிமிடத்தைப் பயிற்சியின் இரண்டாம் நாள் ஒத்திகை பாருங்கள். ஒத்திகை இல்லாவிட்டால் அது இருபது நிமிட மொழியியல் அரட்டையாக நீண்டுவிடும்.

பேச்சைக் குறைப்பதும் காத்திருப்பதும்

மூன்றாம் நாள் ஒவ்வொருவரும் பத்து நிமிடப் பாடம் நடத்த வேண்டும், சக உதவிப் பயிற்றுநர்களே மாணவர்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்துகொள்ளட்டும். பிறகு அதை அவரே கேட்டு, பத்து நிமிடத்தில் தம் குரல் எத்தனை நிமிடம் என்று அளக்கட்டும். பலருக்கு எட்டுக்கு மேல் வரும். நீங்கள் கண்டனம் எதுவும் சொல்லத் தேவையில்லை, அந்த எண்ணே சொல்லிவிடும்.

கேள்வி கேட்டபின் காத்திருப்பதும் பழக வேண்டிய திறன். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் ஆரம்பப் பள்ளி அறிவியல் வகுப்புகளைப் பதிவுசெய்து பார்த்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். மூன்று வினாடிக்கு மேல் காத்திருந்தபோது விடைகள் நீண்டன, பேசாத மாணவர்களும் பேசினார்கள். அந்நிய மொழியில் விடை தேடுபவருக்கு மூன்றும் போதாது. ஐந்து கொடுக்கச் சொல்லுங்கள். நம் மாணவர்களுக்கு எல்லார் முன்னாலும் பேசக் 'செகான்' (கூச்சம்) மிகுதி. மௌனத்தைக் கண்டு பயந்து உதவிப் பயிற்றுநரே விடையைச் சொல்லிவிட்டால், அடுத்த வாரம் முதல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். முதலில் பக்கத்தில் இருப்பவரோடு பேசவிட்டு, பிறகு வகுப்புக்குச் சொல்லச் சொல்வது இங்கே நன்றாகப் பலிக்கும் வழி.

திருத்துவது

புதியவர் ஒன்று எல்லாவற்றையும் திருத்துவார், அல்லது எதையுமே திருத்த மாட்டார். ராய் லிஸ்டரும் லேலா ரான்டாவும் 1997இல் கனடாவின் பிரெஞ்சு அமிழ்வு வகுப்புகளை வைத்து வெளியிட்ட ஆய்வை அவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லுங்கள். தவறான தொடரை ஆசிரியரே சரியாகத் திரும்பச் சொல்லிவிட்டு நகர்வதுதான் அங்கே பாதிக்கும் மேல் நடந்தது. அதற்கு மாணவர் எதிர்வினை காட்டியது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. சரியான வடிவத்தை மாணவர் வாயிலிருந்தே வரவழைக்க முயன்றபோது எதிர்வினை தவறாமல் வந்தது.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? தமிழ் கற்கும் மலாய் மாணவி "நான் நேத்து கடைக்குப் போறேன்" என்கிறார். "ஓ, போனீங்களா, சரி" என்று நகர்ந்தால் அவர் காதில் அது விழாமலே போகும். "நேத்து...?" என்று மட்டும் சொல்லி, கையைப் பின்னால் காட்டி நிறுத்துங்கள். "போனேன்!" என்பார். அன்றைய பாடத்தின் நோக்கம் எதுவோ அதில் வரும் தவறுக்கு மட்டும் இப்படி நில்லுங்கள். மற்றவற்றைக் குறித்துவைத்துக்கொண்டு கடைசி ஐந்து நிமிடத்தில் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதலாம்.

தமிழ் கற்பிக்க வரும் ஆய்வு மாணவருக்கு

இதைத் தனியே சொல்லக் காரணம், நம் பிள்ளைகள் வகுப்பறையில் நின்றதும் திடீரென்று மேடைத் தமிழ் பேசத் தொடங்கிவிடுவதுதான். மலாய், சீன மாணவர்கள் தமிழ் கற்க வருவது மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் அண்டை வீட்டிலும் பேசுவதற்கு. "எனக்குத் தேநீர் வேண்டும்" என்று கற்றவர் தாமான் யூனிவர்சிட்டி சாப்பாட்டுக் கடையில் "அண்ணே, ஒரு தே குடுங்க" என்பதைக் கேட்டு விழிப்பார். சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டு தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக்குழு வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடம் தரப் பரிந்துரைத்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருபது ஆண்டாக இதற்கான பாடப்பொருள் உருவாகியிருக்கிறது, அதைத் தேடிப் பாருங்கள். பேச்சை முதலில் கொடுத்து, எழுத்தைப் பின்னால் மெல்லச் சேர்ப்பதே என் பரிந்துரை. தமிழின் கௌரவம் குறைந்துவிடும் என்று உதவிப் பயிற்றுநர் தயங்கினால், ஒரு சீன மாணவர் தமிழ்ப் பாட்டியிடம் "சாப்டீங்களா" என்று கேட்டு அந்தப் பாட்டி முகம் மலர்வதைவிட என்ன கௌரவம் வேண்டும் என்று அவரைக் கேளுங்கள்.

வகுப்பைப் பார்க்கப் போகும்போது

பருவத்தில் மூன்று முறையாவது ஒவ்வொருவர் வகுப்பிலும் போய் உட்காருங்கள்: மூன்றாம் வாரம், ஏழாம் வாரம், பதினொன்றாம் வாரம். கையில் மதிப்பெண் படிவம் வேண்டாம். ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு மாணவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, அந்த ஒரு மணி நேரத்தில் அவர்கள் எத்தனை தடவை அந்த மொழியில் வாய் திறந்தார்கள், எதைப் படித்தார்கள், எப்போது கைப்பேசியைப் பார்த்தார்கள் என்று எழுதுங்கள். உதவிப் பயிற்றுநரைப் பற்றி ஒரு வரியும் எழுதாதீர்கள். பிறகு அந்தக் குறிப்பை அவரிடம் கொடுத்து, "இவர்கள் இப்படி இருந்தார்கள். என்ன நினைக்கிறீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். தம்மைப் பற்றிய விமர்சனத்துக்கு எதிராக யாரும் வாதாடுவார்கள். பின்வரிசை மாணவர் ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு தொடர் பேசினார் என்பதற்கு எதிராக வாதாட எதுவும் இல்லை. தீர்வை அவரே சொல்லத் தொடங்குவார்.

வாராந்தரச் சந்திப்புகளில் ஒன்றை வாய்மொழித் தேர்வு மதிப்பெண்ணுக்கு ஒதுக்குங்கள். மாணவர் அனுமதியோடு பதிவுசெய்த மூன்று பேச்சுகளை எல்லாரும் தனித்தனியே மதிப்பிட்டு, எண்களை ஒப்பிட வேண்டும். ஒரே பேச்சுக்கு ஒருவர் 6ம் இன்னொருவர் 9ம் போடுவதைப் பார்த்தபின்தான் அளவுகோலை உட்கார்ந்து படிப்பார்கள்.

அவர்களுடைய நேரம்

உதவிப் பயிற்றுநர் முதலில் ஓர் ஆய்வு மாணவர். ஒரு மணி நேர வகுப்புக்குப் புதியவருக்கு இரண்டு மணி நேரத் தயாரிப்பு ஆகும் என்று கணக்கிட்டு, தயாரிப்பையும் வாராந்தரச் சந்திப்பையும் ஊதியத்தில் சேர்க்கப் போராடுங்கள். இதில் விட்டுக்கொடுக்கும் ஒருங்கிணைப்பாளர் நல்ல ஆட்களை ஒரே பருவத்தில் இழப்பார். ஆய்வு நெறியாளரின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டு மாணவர் என்றால், வேலை செய்வது பற்றிய விதிகளைப் பல்கலைக்கழக அனைத்துலக மாணவர் அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்துமூலம் உறுதிசெய்துகொள்ளுங்கள். சிக்கல் வந்தால் முதலில் பாதிக்கப்படுவது அவருடைய தங்கும் அனுமதி.

பதினான்காம் வாரம் ஒவ்வொருவரும் ஒரு கோப்பை ஒப்படைக்க வேண்டும். நடத்திய பாடங்களின் திட்டம், நடத்தாமல் விட்டவை, எந்தப் பயிற்சி எந்த மொழிக்கார மாணவருக்கு எளிதாக வந்தது, எங்கே எல்லாரும் தடுக்கினார்கள் என்பவை கையெழுத்துக் குறிப்பாக இருந்தாலும் பரவாயில்லை. முனைவர் பட்டம் பெற்று அவர் ஊர் திரும்பிவிடுவார். அடுத்த பருவம் அதே வகுப்புக்கு வருபவர் அந்தக் கோப்பைப் படித்து, தமக்குத் தோன்றும் மூன்று கேள்விகளோடு உங்கள் முதல் நாள் பயிலரங்குக்கு வர வேண்டும் என்று நியமனக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.